முதலில் வணக்கம், பிறகுதான் விஷயம்

2014 ஜனவரியில் போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனேவில் வந்து இறங்கிய மூன்றாம் நாள், சிம் கார்டு வாங்க ஒரு கடைக்குப் போனேன். கணவர் வேலையில் சேர்ந்துவிட்டார். நாலு வயது மகன் வெயில் தாங்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தான். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நேரே போய், "ஒரு சிம் கார்டு வேணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி பாஸ்போர்ட்டை நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஹலோ மேடம், எப்படி இருக்கீங்க?" என்றாள். "நல்லா இருக்கேன், சிம் கார்டு வேணும்" என்றேன். அவள் இன்னும் எதற்கோ காத்திருந்தாள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னேன். அவள் முகம் சட்டென்று இறுகிவிட்டது. வேலையைச் செய்து கொடுத்தாள். ஆனால் கடைசிவரை வேறு பேச்சில்லை.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த வயதான அம்மா ஒருவர் வாசலில் என்னை நிறுத்தினார். என் பையனின் தலையைத் தடவிவிட்டு, மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். "அவ உன்னை எப்படி இருக்கேன்னு கேட்டாளே. நீ அவளைத் திருப்பிக் கேட்கவே இல்லையே, மகளே. ஆளை விட்டுட்டுப் பொருளைக் கேட்டுட்டே."

எட்டு வருடம் அந்த நாட்டில் இருந்தேன். அங்கே கற்றது எல்லாம் அந்த வாசலில் ஆரம்பித்ததுதான்.

செட்ஸ்வானா மொழியில் ஆணைப் பார்த்தால் "டுமேலா ர்ரா", பெண்ணைப் பார்த்தால் "டுமேலா ம்மா". அந்த 'ம்மா' நம்முடைய அம்மாவில் அகரம் மட்டும் விழுந்துபோனது மாதிரியே காதில் விழும். முதல் தடவை தெருவில் ஒரு பள்ளிக்கூடப் பையன் என்னை "ம்மா" என்று கூப்பிட்டபோது நம்ம ஊர்ப் பிள்ளையோ என்று திரும்பிப் பார்த்தேன். அடுத்த கேள்வி "லே காய்?" என்று வரும். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், எங்கே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்குப் பதில் "கே டெங்". இருக்கிறேன் என்று சொல்வது. காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஆத்தாவிடம், அதாவது பாட்டியிடம், யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால், "ம்ம், இருக்கறனப்பா" என்றுதான் சொல்லுவார். காலையாக இருந்தால் "ஓ ட்சொஹிலே ஜாங்?", எப்படி எழுந்தாய் என்று கேட்பார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வந்த காரியத்தை எடுக்க வேண்டும். மொத்தமே பத்து விநாடி ஆகும்.

அந்தப் பத்து விநாடிதான் எல்லாக் கதவையும் திறக்கும். குடியேற்ற அலுவலகம், வங்கி, ஆஸ்பத்திரி, சாலையில் காரை நிறுத்தும் போலீஸ்காரர், பெட்ரோல் போடும் பையன், எல்லாரிடமும் இதுவே முறை. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறைக்குள் நுழைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்து "டுமேலாங்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். முன்பின் தெரியாத பத்துப் பேரும் பதில் சொல்வார்கள். புதிதாக வரும் நம்மவர்கள், "இங்கே கவுண்டர்ல இருக்கறவங்க ரொம்ப மெத்தனம்" என்று குறைப்படுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் பாதித் தடவை அது மெத்தனம் இல்லை. வணக்கம் சொல்லாமல் வந்து நிற்பவருக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

ஊர்ப்பெயரையும் சரியாகச் சொல்லப் பழகுங்கள். எழுத்தில் க மாதிரி இருந்தாலும், தொண்டைக்குள்ளிருந்து எடுத்து 'ஹபொரோனே' என்பதுபோலச் சொல்வார்கள். நாடு போட்ஸ்வானா, மொழி செட்ஸ்வானா, மக்கள் பட்ஸ்வானா, அதில் ஒருவர் மொட்ஸ்வானா. இந்த நாலையும் மாற்றிப் போடாமல் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

கையும் முக்கியம். பணமோ காகிதமோ எதைக் கொடுத்தாலும் வலது கையால் கொடுக்க வேண்டும், இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி இருக்க வேண்டும். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். முதல் வகுப்பில் நோட்டை நீட்டிய பிள்ளைகள் ஒவ்வொருவரும் அப்படியே கொடுத்தார்கள். இடது கையால் கொடுக்காதே என்று அடி வாங்கி வளர்ந்த எனக்கு இது பிடிபட நாளாகவில்லை. உட்காருவதில்தான் குழம்பினேன். நமக்குப் பெரியவர்கள் முன்னால் நிற்பது மரியாதை. அங்கே பெரியவர் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு பேசுவது மரியாதைக் குறைவு. பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். வாசலில் பாய் போட்டுக் காராமணி உரித்துக்கொண்டிருப்பார். நான் வேலியோரம் மரியாதையாக நின்றபடி பேசுவேன். நாலாம் நாள் அவர் பாயைத் தட்டிக் காட்டி, "கீழே வா, என் கழுத்து வலிக்குது" என்றார். அன்றிலிருந்து உட்கார்ந்துகொண்டுதான் பேச்சு.

அவர்தான் எனக்குப் பெயரும் வைத்தார். அங்கே பிள்ளை பெற்றவளை அவள் சொந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள், பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'ம்மா' சேர்த்துக் கூப்பிடுவார்கள். அப்பனுக்கு 'ர்ரா'. நம் ஊர்த் தெருவில் "செந்திலம்மா" என்று கூப்பிடுவதைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு வருடத்தில் தெருவுக்கே நான் என் மகனின் அம்மாவாகத்தான் தெரிந்தேன்.

இங்கிலீஷ் தெரியும், சமாளித்துவிடலாம் என்று போனவள் நான். அதிலும் சில பாடங்கள் இருந்தன. "ரெண்டாவது ரோபோவில் இடது பக்கம் திரும்புங்க" என்றார் ஒருவர். ரோபோ என்றால் சிக்னல் விளக்கு. "ஜஸ்ட் நவ் வர்றேன்" என்றால் இப்போதே வருகிறார் என்று அடுப்பில் டீயை வைத்துவிடக் கூடாது, பிறகு எப்போதாவது வருவார். "நவ் நவ்" என்றால் கொஞ்சம் சீக்கிரம். குழாய் ரிப்பேர்க்காரருக்காக நான் ஒரு நாள் முழுக்க லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு, எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் வந்தது.

போட்ஸ்வானாவில் சம்பளம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும் மனசு மாட்டுப்பட்டியில் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு மூன்று இடம்: சொந்த கிராமத்தில் வீடு, கொஞ்சம் தள்ளி மழையை நம்பிய விளைநிலம், அதற்கும் அப்பால் மொராகா என்கிற மாட்டுப்பட்டி. நகரத்தில் இருப்பது வேலைக்காக மட்டுமே. சம்பளம் வந்த வார இறுதியில் கபரோனேவிலிருந்து வெளியே போகும் சாலையெல்லாம் வண்டிகள் ஊர்ந்து போகும். கிறிஸ்துமஸ் சமயத்தில் நகரமே காலியாகிவிடும். அதனால் சம்பள வாரத்தில் வங்கிக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போகாதீர்கள், ஏடிஎம் வரிசையே அரை மணி நேரம் நிற்கும்.

எங்கள் பள்ளி வாட்ச்மேன் அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் என் கைபேசியில் அப்பாவின் காளைப் படத்தைப் பார்த்துவிட்டார். காங்கேயம் காளை, கழுத்தும் திமிலும் கறுத்து, கொம்பு பின்னால் வளைந்து நிற்கும். அவர் கைபேசியை இரண்டு கையாலும் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, முதலில் கொம்பைப் பார்த்தார், பிறகு திமில், பிறகு குளம்பு. "எத்தனை வயசு? என்ன தீனி? உழுமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு செட்ஸ்வானாவில் ஒன்று சொல்லி எனக்கு அர்த்தமும் சொன்னார். மாட்டை அவர்கள் 'ஈர மூக்குள்ள தெய்வம்' என்பார்களாம். நான் அன்று இரவு அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த ஊர்ல இருக்கறவனுக்குத் தெரியுது பாரு கண்ணு" என்றார். அதற்கப்புறம் வாரா வாரம் அப்பா காளைப் படம் அனுப்புவதும் வாட்ச்மேன் வாய்மொழியாகப் பதில் அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. அங்கே பண்ணைகளில் பரவலாக வளர்க்கும் பிராமன் என்ற வகை மாட்டின் மூதாதை நம் நாட்டு மாடுதான் என்று அவருக்குச் சொன்னபோது அவருக்குப் பிடிபடாத சந்தோஷம்.

ஆனால் அதே மாடுதான் சாலையில் எமன். கபரோனேவிலிருந்து பிரான்சிஸ்டவுன் போகும் ஏ1 நெடுஞ்சாலை 400 கிலோமீட்டருக்கு மேல் நேராகப் போகும், 120 கிலோமீட்டர் வேகம்வரை அனுமதி. பொழுது சாய்ந்தால் மாடும் கழுதையும் தாரின் சூட்டுக்காகச் சாலையில் ஏறி நிற்கும். கழுதை ஹாரனுக்கு அசையாது. ஒரு தடவை மஹலாப்பே தாண்டி இருட்டில் வந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் கண்ணை மறைத்த அந்த நொடியில், கறுப்பு மாடு ஒன்று எங்கள் பம்பருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. கணவர் எப்படித்தான் நிறுத்தினாரோ தெரியாது. அதற்குப் பிறகு ஆறு மணிக்கு மேல் ஊர் தாண்டி வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். கிளம்பும்வரை அதைக் காப்பாற்றினோம். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் எச்சரிக்கை சிங்கமும் யானையும் இல்லை, இந்தக் கறுப்பு மாடுதான்.

நெடுந்தூரம் போகும்போது வழியில் கால்நடைத் துறைச் சோதனைச் சாவடி வரும். ஏ1-இல் டிபேட்டே என்ற இடத்தில் ஒன்று உண்டு. கோமாரி நோய் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் பரவாமல் இருக்க நாட்டின் குறுக்கே வேலி போட்டிருக்கிறார்கள். சில சமயம் வண்டியை விட்டு இறங்கி மருந்துத் தண்ணீரில் நனைத்த விரிப்பில் செருப்போடு மிதித்துவிட்டுப் போக வேண்டும். பச்சை இறைச்சி இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். மறைக்காதீர்கள். மாட்டை நம்பிப் பிழைக்கும் நாடு அது.

சாப்பாட்டைப் பற்றி நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. டிங் என்று ஒரு கஞ்சி, சோளமாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது. முதல் வாயிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆத்தா மண்சட்டியில் புளிக்க வைத்துக் கொடுத்த சோளக்கூழின் அதே புளிப்பு. மொரோஹோ என்பது கீரை. காராமணி இலையைக் கடைந்து செய்வதும், காயவைத்து எடுத்து வைப்பதும் உண்டு. காராமணியும் சோளமும் சேர்த்து வேகவைத்தால் டிகோபே. தெருமுனையில் காலையில் சுடச்சுட மக்வின்யா போடுவார்கள், நம் இனிப்பு போண்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மாட்டுக்கறி வேண்டாம் என்று மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். விருந்தில் அவர்கள் மனமார வைக்கும் செஸ்வா, மாட்டுக்கறியை உப்பில் வேகவைத்துத் துவைத்துச் செய்வதுதான்.

அதற்கு வழி காட்டியது என் வகுப்புப் பிள்ளைகள். ஒரு நாள் ஒரு பெண் எழுந்து, "ஓ பினா எங்?" என்று கேட்டாள். நீ எதை ஆடுகிறாய்? புரியாமல் விழித்தேன். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கு உண்டு, அந்தக் குலத்தவர் அதை 'ஆடுகிறவர்கள்' என்று விளக்கினார்கள். க்வேனா குலத்தாருக்கு முதலை. ங்வாட்டோ குலத்தாருக்கு புட்டி என்கிற சின்ன மான். ஹாட்லா குலத்தாருக்குக் குரங்கு. தன் குலத்து விலங்கைக் கொல்லக் கூடாது, தின்னக் கூடாது. மரியாதையாகக் கூப்பிட வேண்டுமானால் அந்த விலங்கின் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள். "எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை" என்று சொல்ல வாயெடுத்தவளுக்குப் பொசுக்கென்று நினைவு வந்தது. இல்லாமல் என்ன? எங்கள் பக்கமும் கூட்டம் என்கிற குலப்பிரிவு உண்டு. அப்பாவின் கூட்டம் காடை. ஊரே காடை வறுத்துத் தின்றாலும் அப்பா அதைத் தொட்டதில்லை. ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் காடையை வரைந்து காட்டினேன். அன்றைய கணக்குப் பாடம் நடக்கவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அதிலிருந்து, "மாட்டை நாங்கள் கும்பிடுவோம், தின்பதில்லை, குலவிலங்கு மாதிரி" என்று ஒரு வரி சொன்னால் போதும். யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கென்று தனியாகக் கோழியும் கீரையும் வந்தன.

அந்த நாட்டுப் பணத்தின் பெயர் புலா. புலா என்றால் மழை. கூட்டங்களில் பேசி முடிப்பவர் "புலா!" என்பார், மொத்தக் கூட்டமும் "புலா!" என்று திருப்பிச் சொல்லும். வாழ்த்தும் அதுதான், நாட்டின் குறிக்கோளும் அதுதான். இதன் கனம் எனக்கு 2015-இல் புரிந்தது. அந்த வருடம் கபரோனே அணை அடிமண் வெடித்துக் கிடந்தது. வடக்கே லெட்சிபோஹோ அணையிலிருந்து சுமார் 360 கிலோமீட்டர் குழாயில் வரும் தண்ணீர்தான் நகரத்துக்குத் துணை, அந்தக் குழாயும் அடிக்கடி உடையும். முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். நாம் சின்டெக்ஸ் என்பதுபோல அங்கே ஜோஜோ டேங்க் என்பார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது சமையலறைக்கு முன்னால் ஜோஜோ இருக்கிறதா, எத்தனை லிட்டர், அதற்குப் பம்ப் உண்டா, பம்ப் ஓட மின்சாரம் இல்லாதபோது கீழே குழாய் உண்டா என்று பாருங்கள். நாங்கள் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டோம். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக நின்ற நாளில், டேங்க் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து வாளியில் கயிறு கட்டி இறைத்தேன். கிணற்றில் இறைத்த கை, மறக்கவில்லை.

2017 பிப்ரவரியில் மொசாம்பிக் கரையில் ஏறிய டினியோ புயலின் மழை எங்கள்வரை வந்தது. அணை நிறைந்து வழிந்தது. ஊரே பார்க்கப் போனது, நாங்களும் போனோம். வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடிக் காவிரிக் கரையில் நிற்கும் கூட்டம் அப்படித்தான் நிற்கும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பெட்டி முழுக்கப் பருத்தித் துணி எடுத்துப் போனேன். ஜூன், ஜூலையில் ராத்திரி பூஜ்யம் டிகிரியைத் தொட்டுவிடும். வீட்டுக்குள்ளே சூடேற்றும் வசதி கிடையாது, தரை டைல்ஸ் பனிக்கட்டி மாதிரி இருக்கும். கம்பளியும் கனத்த சாக்ஸும் அவசியம்.

எல்லை தாண்டுவது இன்னொன்று. மளிகைக்காக வருடத்துக்கு இரண்டு தடவையாவது ட்லோக்வெங் எல்லை வழியாக ஜோகன்னஸ்பர்க் போவோம், அங்கே போர்ட்ஸ்பர்க் பகுதியில் புழுங்கலரிசி முதல் பெருங்காயம்வரை கிடைக்கும். குழந்தையைக் கூட்டிப் போவதாக இருந்தால் பாஸ்போர்ட் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். அப்பா அம்மா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருங்கள். நாங்கள் இருந்த காலத்தில் பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கேட்டார்கள். நம் ஊரில் ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பதிவு செய்த சான்றிதழ் பலருக்கும் குழந்தையின் பெயர் இல்லாமலே இருக்கும். எங்கள் மகனுடையதும் அப்படித்தான். எல்லையில் மூன்று மணி நேரம் நின்று திரும்பி வந்தோம். பிறகு மாமனார் ஊராட்சி அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடையாய் நடந்து பெயரைச் சேர்த்து வாங்கி அனுப்பினார். விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ அதற்கு வருகிறேன்.

2016-இல் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவரின் அம்மா இறந்துபோனார். போனில் ஆறுதல் சொன்னேன். அது போதும் என்று நினைத்தேன். மறுநாள் சக ஆசிரியைகள், "சாயங்காலம் ஜெபத்துக்கு வர்றே இல்லையா?" என்றார்கள். அங்கே சாவு ஒரு நாள் காரியம் இல்லை. அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை. அதுவரை தினமும் சாயங்காலம் அந்த வீட்டில் கூடி ஜெபம் செய்வார்கள். வெள்ளிக்கிழமை உடலை வீட்டுக்குக் கொண்டு வந்து இரவெல்லாம் பாடிக்கொண்டு விழித்திருப்பார்கள். வேலை பார்க்கும் இடத்தில் மட்ஷெடிசோ என்று ஆறுதல் பணம் வசூலித்துக் கொடுப்பார்கள். ஆறுதல் என்றுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம்.

சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குப் பள்ளிப் பேருந்தில் மொச்சூடி கிராமத்துக்குப் போனோம். பெண்கள் பாவாடைதான் கட்ட வேண்டும், தலையில் துணி, தோளில் சால்வை. ஆண்களுக்குக் கோட்டு. நான் சேலை கட்டி, தோளை மூடிச் சால்வை போர்த்தியிருந்தேன். வீட்டு வாசலில் மூன்று கால் இரும்புப் பானைகள் வரிசையாக விறகடுப்பில் கொதித்தன. இருட்டிலேயே ஜெபம் ஆரம்பித்தது. இறந்தவர் பிறந்தது, வளர்ந்தது, யாருக்கெல்லாம் என்ன செய்தார் என்பதை ஒருவர் எழுந்து வாசித்தார். பொழுது புலர்ந்ததும் எல்லாரும் இடுகாட்டுக்கு நடந்தோம்.

நான் அதுவரை இடுகாட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அப்பாரு, அதாவது தாத்தா, செத்தபோதும் ஆத்தா செத்தபோதும் நான் முனையில் நின்று பாடைத் தேர் திரும்புவதைப் பார்த்தவள்தான். இங்கே பெண்கள் குழிவரை வந்தார்கள், பாடினார்கள். குழிகளின் மேல் பச்சை நிழல்வலை கட்டிய இரும்புச் சட்டங்கள் வரிசை வரிசையாக நின்றன, செத்தவர்களுக்கும் வெயில் படாமல். பெட்டியை இறக்கியதும் ஆண்கள் கோட்டைக் கழற்றாமல் மண்வெட்டியை எடுத்தார்கள். ஒருவர் பத்துத் தடவை மண் தள்ளுவார், அடுத்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொள்வார். கூலி ஆள் கிடையாது. குழி மூடும்வரை பாட்டு நிற்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் வாசலில் பேசின்களில் தண்ணீர் வைத்திருந்தார்கள். எல்லாரும் கை கழுவிவிட்டு உள்ளே போனோம். என் தோழி என்னைக் கண்டதும், "வந்துட்டியா" என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். மெசேஜ் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. போட்ஸ்வானாவில் உங்களோடு வேலை பார்ப்பவர் வீட்டில் சாவு என்றால் போங்கள். மொழி தெரியாவிட்டாலும் போய் உட்காருங்கள். வேறு எந்த உபசாரமும் அதற்கு ஈடாகாது.

2018 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் போன் செய்தான். அப்பா போய்விட்டார். கபரோனேவிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போய், அங்கிருந்து விமானம் மாறி மாறி, கோயம்புத்தூர் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. வீடியோவில் அப்பாவின் முகத்தை ஒரு நிமிடம் காட்டினார்கள், பிறகு இணைப்பு அறுந்தது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் ஆள் சத்தம். கதவைத் திறந்தால் பள்ளி ஆசிரியைகள், எங்கள் தெருப் பெண்கள், எல்லாரும் தலையில் துணியும் தோளில் சால்வையுமாக நின்றார்கள். உள்ளே வந்து நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள், அந்த ஜூலைக் குளிரில், அந்த டைல்ஸ் தரையில். ஒருத்தி சர்க்கரையும் ரொட்டியும் கொண்டு வந்திருந்தாள். இன்னொருத்தி நேரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். மட்ஷெடிசோ உறையை என் தோழி இரண்டு கையாலும் கொடுத்தாள். வாட்ச்மேன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து வாசலோரம் உட்கார்ந்தார். அப்பாவை ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர். "காளைகளை இனி யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்டார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. புதன், வியாழன் இரண்டு நாளும் அப்படியே வந்தார்கள்.

வியாழக்கிழமை பாட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா என் பக்கம் திரும்பினார். "உன் அப்பா எதை ஆடினார்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். "உங்க பாஷையில எப்படிச் சொல்வீங்க?" என்றார். "காடை" என்றேன். இரண்டு தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அங்கே விடைபெறுவதற்கு இரண்டு சொல் உண்டு. கிளம்புகிறவர் இருப்பவரிடம் "சாலா சென்ட்லே", நல்லபடியாக இரு என்பார். இருப்பவர் கிளம்புகிறவரிடம் "ட்சமாயா சென்ட்லே", நல்லபடியாகப் போ என்பார்.

அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்து, யாரோ அங்கே நிற்பதுபோலச் சொன்னார். "டுமேலா, காடை. ட்சமாயா சென்ட்லே." பிறகு கையை ஊன்றி எழுந்து, டீக்குத் தண்ணீர் வைக்கச் சமையலறைக்குள் போனார்.